மிளகு தின்ற மோட்டார்

"வாந்தி வாரவங்க முன்னால வாங்க, தூங்கறவங்க பின்னால போங்க" என்று வேன் கதவைப் பிடித்துக்கொண்டு ஆட்களைப் பிரித்து ஏற்றுகிறார் முருகானந்தம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வாடிக்கையாக வரும் எந்த வயிறு எத்தனையாவது வளைவில் புரளும் என்பது அவருக்கு அத்துப்படி. தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவருக்கு இருபத்திரண்டு. அந்த வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

வேனுக்கு வயது இருபத்தாறு. ஊட்டிக்காரர் ஒருவரிடம் வாங்கியது, அதனால் ஹீட்டர் உண்டு. மலைமேல் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஹீட்டர் உள்ள வண்டி வேறு கிடையாது என்பதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம். ஜீப்காரர்கள் கேலி செய்தால், "உங்க வண்டியில ஆளு போவுது, என் வண்டியில மாப்பிள்ள போறாருங்க" என்பார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. தைப் பனியில் மிளகு லேசில் காயாது. தன் தோட்டத்து மிளகைச் செய்தித்தாளில் பரப்பி, முன்கண்ணாடிக்கு அடியில், ஹீட்டர் காற்று வரும் இடத்தில் வைத்துக் காயவைப்பார். வேனுக்குள் எந்நேரமும் ரச வாசனை. ஏறியவர்கள் தும்மினால், "தும்முனா ஆயுசு கூடுமுங்க" என்று சமாதானம் சொல்வார்.

இந்தத் தையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹீட்டர் காற்று நின்றுபோனது. அடுத்த அரை மணியில் பிரேமிடமிருந்து போன். பக்கத்துத் தோட்டத்துக்காரன். அவன் மனைவி பூங்குழலிக்கு மாதம் நிறையும் முன்பே பிரசவமாகி, ஒரு மாதமாக நாமக்கல் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"அண்ணா, நாளைக்கு ஊட்டுக்கு விடறாங்க. புள்ள ரெண்டு கிலோதானுங்க. குளிரு படவே கூடாதாமா. உங்க ஹீட்டரு வண்டியத்தான் நம்பியிருக்கறேன்."

"அதுக்கென்ன சாமி, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் ஹீட்டர் நினைவு வந்து வேனுக்கு ஓடினார்.

முன்சீட்டில் தலைகீழாகப் படுத்து, டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி, உள்ளே கையை விட்டு மூன்று திருகுகளைத் திருகினார். காற்று ஊதும் மோட்டார் விசிறியோடு கையில் வந்தது. கூடவே பொலபொலவென்று மிளகு கொட்டியது. கண்ணாடியோரத்துச் சந்து வழியாக உருண்டுபோன மிளகெல்லாம் விசிறியில் சிக்கி, மோட்டாரைச் சுற்றவிடாமல் இறுக்கி எரித்திருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

மனைவி வேலம்மாள் எட்டிப் பார்த்து ஒரு மிளகை எடுத்துக் கடித்தார். "நல்லாத்தான் காஞ்சிருக்குதுங்க."

முருகானந்தம் சிரிக்கவில்லை. "ஒரு பச்சப் புள்ள என்னைய நம்பி மலையேறக் காத்திருக்குது. நான் மொளகு காயப்போட்டிருக்கறேன் பாரு" என்றார். வேலம்மாள் மீதி மிளகை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் பிடித்துச் சேலம் போனார். அவ்வளவு பழைய வண்டிக்குப் புது மோட்டார் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் பழைய இரும்புக் கடையொன்றில், உடைத்துப்போட்ட ஒரு வேனின் வயிற்றிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பினார். பொருத்தினார். சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஜோராகச் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மறுபடி தலைகீழாகப் படுத்து உற்றுப் பார்த்தபோது, விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது தெரிந்தது. இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்தார். குப்பென்று காற்று, மிச்சமிருந்த மிளகுத் தூளோடு முகத்தில் அடித்தது. ஏழு தும்மல்.

"ஆயுசு கூடுச்சுங்க" என்றார் வேலம்மாள், வாசலிலிருந்தே.

மறுநாள் நாமக்கல் போனவர் வேறு ஆள் யாரையும் ஏற்றவில்லை. பூங்குழலியும் குழந்தையும் முன்சீட்டில், பிரேம் பின்னால். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, காற்று குழந்தையின் முகத்தில் படாமல் கால் பக்கமாகத் திருப்பிவைத்தார். எழுபது வளைவும் ஏறி முடிப்பதற்குள் அவர் சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்துவிட்டது. குழந்தை ஒருமுறைகூட விழிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் பார்த்தது பாதையைப் பாதி, அந்தத் துணிப் பொட்டலத்தைப் பாதி.

ஊர் வந்ததும் பிரேம் முதலில் இறங்கி வீட்டுக் கதவைத் திறந்தான். ஒரு மாதம் பூட்டிக்கிடந்த வீடு, ஈரச் சில்லிப்பு முகத்தில் அடித்தது. விறகும் நமத்துப்போய்ப் புகைந்தது.

"அடுப்பு பத்தி ஊடு காயற வரைக்கும் நீ எறங்காத கண்ணு" என்றார் முருகானந்தம்.

அப்போதுதான் குழந்தை விழித்துப் பசியில் வீறிட்டது. பூங்குழலி தயங்கி அவரைப் பார்த்தாள். அவர் இன்ஜினை அணைக்கவில்லை, ஹீட்டரையும் அணைக்கவில்லை. வெளியே இறங்கி, சூடு போய்விடாமல் சட்டென்று கதவைச் சாத்தினார். வெறும் சாக்கு ஒன்றை மடித்துத் தலையில் முக்காடுபோலக் கொங்காடை போட்டுக்கொண்டு, முன்சீட்டு ஜன்னலை மறைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றார். நனைந்த சட்டைக்குள் பனி ஊசியாக இறங்கியது. உள்ளே அழுகை மெல்ல அடங்கியது.

சாலையில் போன ஒருவர், "ஏனுங்க, வண்டி செம்மேடு போவுதுங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

முருகானந்தம் நின்ற இடத்தை விட்டு அசையாமல், உதட்டின் மேல் விரலை வைத்தார்.