முட்டைக்குக் காவல் இருந்தவன்

டயாலிசிஸ் நிலையத்தின் நடைவழியில் என் மனைவி வசந்தாவின் கையிலிருந்து வளையல் கழன்று விழுந்தது. கல்யாண வளையல். இருபத்தாறு வருடமாகச் சோப்புப் போட்டு இழுத்தாலும் வராத சாமான். உருண்டுபோய் எடை பார்க்கும் இயந்திரத்தின் அடியில் படுத்துக்கொண்டது. மண்டியிட்டு எடுத்தேன்.

சங்கப் பாட்டில் வளை கழன்றால் தலைவன் பிரிந்து போயிருக்கிறான் என்று பொருள். எங்கள் வீட்டுத் தலைவன் எங்கும் போகவில்லை. சமையலறையிலேயே நின்று முட்டைக்குக் காவல் இருந்தான்.

வீட்டில் சிறுநீரக நோயாளி ஒருவரும், நிறையப் படித்தவர் ஒருவரும் இருக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். படிக்காதவர்கள் எப்படியாவது பிழைத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குக் கணுக்கால் வீங்கியது. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள், அதனால்தான் என்றேன். என் முதல் மருத்துவக் கருத்து அது. பல வருடச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைப் பாதிக்குமேல் தின்றுவிட்டது என்றார் மருத்துவர். கையில் ஓர் உணவுத் தாள் கொடுத்தார்கள்.

நாம் உண்ணும் புரதம் உடையும்போது யூரியா (சிறுநீரில் வெளியேற வேண்டிய கழிவு) உண்டாகும். தளர்ந்த சிறுநீரகத்துக்கு அந்தச் சுமையைக் குறைக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.6 கிராம் புரதம் என்று தாள் சொன்னது. வசந்தா ஐம்பது கிலோ. ஆக, நாளுக்கு முப்பது கிராம்.

தாளை ஐஸ்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். சின்னத் தராசு வாங்கினேன். பருப்பை எடை போட்டேன். மீன் துண்டைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டினேன். ஒரு நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். வாழ்க்கையில் ஒழுங்காக எழுதி முடித்த ஒரே புத்தகம் அதுதான்.

பிறகு டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வீட்டில் எல்லாம் மாறியது. தாள் மட்டும் மாறவில்லை.

வசந்தா ஒருநாள் கேட்டாள்.

"என்னங்க, மிஸ்ஸி சொன்னாங்க, இப்ப முட்டை சாப்பிடலாமாம்."

மிஸ்ஸி என்றால் எங்கள் பினாங்கில் தாதி, நர்ஸ்.

"மிஸ்ஸிக்கு ஊசி குத்தத் தெரியும். பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

"ஒரு முட்டைதான்லா."

"ஒண்ணுல தொடங்கித்தான் எல்லாம் கெட்டுப்போகுது."

அழகான வாக்கியம் என்று அன்று நானே நினைத்துக்கொண்டேன். இன்று நினைத்தால் பல்லை உடைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதே வீட்டில்தான் எங்கள் மகன், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை முடித்து ஜிம்முக்குப் போகிறவன், டப்பா டப்பாவாகப் புரத மாவு கலக்கிக் குடித்தான். அதற்கு நான் நோட்டுப் போடவில்லை.

வசந்தாவுக்குப் பக்கத்து நாற்காலி காதர் அண்ணனுடையது. நாசி கண்டார் (சோறும் பலவகைக் கறியும்) கடைக்காரர். உள்ளே போவதற்கு முன் காத்திருப்பு அறையில் கோழித்தொடையைப் பிரித்து உட்காருவார். பொறுக்க முடியாமல் அவருக்கும் உபதேசம் செய்தேன்.

"தம்பி, நீங்க படிக்கிறவரு, நான் திங்கிறவன். யாரு முதல்ல போறான்னு பாப்போம்லா" என்று சிரித்தார். பிறகு வசந்தாவைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வளையல் விழுந்த அன்று உணவியல் ஆலோசகர் எங்களை அழைத்தார். இளம்பெண். வசந்தாவின் அல்புமின் (இரத்தத்தில் உள்ள முக்கியமான புரதம்) மிகவும் இறங்கியிருந்தது. நான் பெருமையோடு நோட்டை நீட்டினேன். அவர் நாலு பக்கம் புரட்டினார்.

"அங்கிள், இது யாரு சாப்பாடு?"

"இவளோடதுதான்."

"இது டயாலிசிஸுக்கு முன்னாடி உள்ள அளவு. மெஷின் கழிவோட சேர்த்து புரதத்தையும் கொஞ்சம் இழுத்துடும். இப்ப ஆன்ட்டிக்கு இதுல ரெண்டு மடங்கு வேணும்."

"எடை குறையலையேம்மா."

"தண்ணி, அங்கிள். சதை போன இடத்துல தண்ணி நிக்குது."

டயாலிசிஸ் தொடங்கி ஏழு மாதம். ஏழு மாதமாக அவளைப் பாதி வயிற்றில் வைத்திருந்தேன், தராசுக் கணக்குச் சுத்தமாக.

எனக்குக் கோபம் வந்தது. சார்டின் டப்பாவில் கூடக் காலாவதித் தேதி போடுகிறார்கள். நோயாளியின் தாளில் போடமாட்டார்களா? முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? கைப்பேசியில் பாகற்காய்ச் சாறு அனுப்பிய சொந்தக்காரர்களில் ஒருவருக்காவது இது தெரியவில்லையா? பினாங்கு முழுக்கத் திட்டிச் சுற்றிவிட்டுக் கெலுகோரில் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறேன். சொல்ல வேண்டியவர் சொல்லியிருந்தார். மிஸ்ஸி சொன்னார், வசந்தா கேட்டாள், நான் மறுத்தேன்.

காரில் திரும்பும்போது வசந்தா சத்தம் போடவில்லை. "கேட்டேன்தானே" என்றாள். அவ்வளவுதான்.

நோயில்லாத பெரியவருக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் போதும் என்கிறார்கள். வயதானவருக்கும் புண் ஆறுகிறவருக்கும் அதைவிடக் கூடுதலாக வேண்டும். டயாலிசிஸில் இருப்பவருக்கு 1.0 முதல் 1.2 வரை. என்னை நம்பாதீர்கள். சிகிச்சை மாறும் ஒவ்வொரு முறையும், "இப்போது எவ்வளவு?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பழைய தாளை அன்றைக்கே கிழியுங்கள்.

வளையல் விழுந்து இப்போது நான்கு மாதம் ஆகிறது. எங்கள் வாரத்தில் மூன்று கிழமைகள்தான் இருக்கின்றன. மற்றவை அவற்றுக்கு நடுவில் மூச்சு வாங்கும் இடங்கள். மாதத்தை வளையலில் பார்க்கிறேன். முழங்கை வரை ஓடியது, இப்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. காதர் அண்ணன் அவித்த முட்டை கொண்டுவந்து, "தங்கச்சிக்கு, தம்பி. எடை போட்டுத்தான் குடுப்பீங்களோ?" என்கிறார். வாங்கிக்கொள்கிறேன். உரித்து அவள் கையில் கொடுக்கிறேன்.

அல்புமின் ஏறிவிட்டது. தேறிவிட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஐஸ்பெட்டியைத் திறக்கும்போது அவள் கை ஒரு கணம் நிற்கிறது. தாள் இல்லாத கதவைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள்.

"ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா?"

இந்தக் கேள்வி நிற்கிற அன்றுதான் அவள் தேறினாள் என்று எழுதுவேன். இன்று காலையும் கேட்டாள்.