எட்டுப் பேர் நின்ற மூலை

இப்போதெல்லாம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அதிபர் தேர்தலுக்குக் கட்சி யாரை நிறுத்தலாம் என்று கேட்டுத் தபாலில் ஓர் அட்டை வருகிறது. வில்மா ஸ்டானெக் அதைச் சமையலறை மேசையில் வைத்து, இரண்டு நிமிடத்தில் நிரப்பி, உறையில் போட்டு ஒட்டிவிடுகிறாள். சண்டை போட ஆளில்லை. அண்ணன் எமிலும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் வில்மா. அதிபர் தேர்தல் வரும் வருடங்களில், குளிர்காலப் பனியில், அதே பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் அவளுடைய கட்சிக்காரர்கள் கூடுவார்கள். காகஸ் என்று பெயர். ரகசியச் சீட்டெல்லாம் கிடையாது. பிடித்த வேட்பாளரின் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார், பாதிரியார் பார்ப்பார், கூடப் பிறந்தவனும் பார்ப்பான். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைய வேண்டியதுதான். அப்படிக் கலைகிறவர்களை இழுக்க நடக்கும் கெஞ்சலும் கேலியும் கொலாச் என்ற இனிப்பு ரொட்டி லஞ்சமும் வில்மாவுக்குத் திருவிழா.

ஆனால் அவள் நின்ற மூலை ஒருமுறைகூட நிலைத்ததில்லை. ஏழு தேர்தல், ஏழு தோல்வி.

கடைசியாக, ஏழாவது முறை, அவள் நின்றது, பெரும் பணக்காரர்களின் சொத்துக்கு வருடாவருடம் வரி போட்டு எல்லோருக்கும் படிப்பும் வைத்தியமும் தருவேன் என்றவரின் மூலையில். கூடத்தில் அறுபது பேர். ஒன்பது பேர் வேண்டும். எண்ணியபோது எட்டு. எமிலின் மூலையில் ஐந்தே பேர்.

"பதினஞ்சு நிமிஷம் தரேன். அப்புறம் மறுபடி எண்ணுவேன்" என்றார் கூட்டத்தை நடத்திய கணக்கு வாத்தியார் ஹார்லன்.

வில்மா நேராக அண்ணனிடம் போனாள்.

"வா எமில். ஒரே ஒரு ஆள் போதும்."

"உன் ஆளு என் நெலத்துல கை வைப்பான்."

"அம்பது மில்லியன் டாலருக்கு மேல வெச்சிருக்கிறவனுக்குத்தான்டா வரி. நீ போட்டிருக்கிற கிழிஞ்ச கோட்டைப் பாத்தா வரி ஆபீஸ்காரனே உனக்கு சூப்பு வாங்கித் தருவான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எமில் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு அம்பது, நாளைக்கு அஞ்சுன்னு இறங்குவாங்க. ஒருத்தன் உழைச்சுச் சேத்ததைப் பிடுங்கி இன்னொருத்தனுக்குக் குடுக்கறது என்ன நியாயம்?"

"உழைச்சுச் சேத்ததா? நானூறு ஏக்கரும் அப்பா உன் பேருக்கு எழுதி வெச்சது. பதினெட்டு வயசு வரைக்கும் நானும்தான் பால் கறந்தேன். எனக்கு என்ன வந்துச்சு? அம்மாவோட தையல் மிஷின்!"

சிரிப்பு நின்றுபோனது. இத்தனை கிறிஸ்துமஸ் விருந்துகளில் ஒருமுறைகூட அவள் அதைச் சொன்னதில்லை. நாக்கு நுனியில் அது இருந்ததே அவளுக்குத் தெரியாது. எமில் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

எண்ணிக்கைக்கு நான்கு நிமிடம் இருந்தது. வில்மா கதவை நோக்கிப் போனாள்.

"வில்மா! எண்ணுறப்ப உள்ள இல்லேன்னா நீ கணக்குல வரமாட்ட" என்று ஹார்லன் கத்தினார்.

அவள் காதில் விழத்தான் செய்தது.

எமில் தன் வண்டியருகில் ஏறாமல் நின்றிருந்தான்.

"அத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா?"

"சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ. ஆனா சொன்னது நெசம்."

பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் காலால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"மாட்டேன்."

வில்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அவனுக்கும்.

இருவரும் உள்ளே வந்தபோது எண்ணி முடிந்திருந்தது. எமிலின் மூலையிலிருந்து மருந்துக்கடை லோயிஸ் வில்மாவின் மூலைக்கு வந்து சேர்ந்திருந்தாள். வில்மாவோடு ஒன்பது. வில்மா இல்லாமல் எட்டு.

"நீ உன் அண்ணன்கிட்ட கத்தினதைக் கேட்டுத்தான்டி வந்தேன். எங்க வீட்லயும் எல்லாம் தம்பிக்குத்தான் போச்சு" என்றாள் லோயிஸ். "வந்து பாத்தா உன்னையே காணோம். எங்க போய்த் தொலைஞ்ச?"

வில்மா திரும்பிப் பார்த்தாள். எமில் வாசலில் நின்று பூட்ஸிலிருந்த பனியை உதறிக்கொண்டிருந்தான்.

"வெளியில கொஞ்சம் வேலை இருந்துச்சு" என்றாள்.