ஹேங் ஆகாத ஞாயித்துக்கிழமை

கம்ப்யூட்டருக்கு அந்த ப்ராசஸரைக் கேட்டப்ப கடைக்காரர் ஒரு மாதிரி சிரிச்சார். ரெண்டு கோர் உள்ளதுலயே கடையில மட்டமானது அதுதான், ஒண்ணு புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸ். "கேம் ஆடவா தம்பி? இதுலயா?"ன்னார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள என்கூட வந்தவன், "நாங்க ஏத்திக்குவோம்ணா"ன்னான். ஏத்தறதுன்னா, இவ்ளோ வேகம் போதும்னு கம்பெனி கட்டுப்படுத்தி வச்சதை நாமளே செட்டிங்ஸ்ல கைவச்சு இன்னும் வேகமா ஓட விடறது. ஓவர்கிளாக்னு பேரு. கையில காசில்லாதவன் பண்ற வேலை அது.

அவன் ஊரை விட்டுப் போறதுக்குப் பத்து நாள் முன்னாடி வாங்கினோம். அவங்களுது சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர், குடும்பத்துக்கே பிரெஞ்சு பாஸ்போர்ட். படிப்பு முடிஞ்சதும் பையன் அங்க போயிடுவான்னு தெருவுக்கே தெரியும். எனக்கும்தான் தெரியும், தெரிஞ்சு என்ன பண்றது? ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் ஒரே பெஞ்ச், அப்புறம் அவன் மூணு வருஷ டிகிரி, நான் நாலு வருஷ இன்ஜினியரிங். நெல்லித்தோப்புல ஒரு பிரௌசிங் சென்டர்ல பக்கத்துப் பக்கத்து சிஸ்டத்துல உக்காந்து சுடற கேம் ஆடியே வளந்தோம். எனக்கு ஆளுங்ககிட்ட பேச வராது. பேசினா சண்டையிலதான் முடியும். காலேஜ்ல ஒருத்தனும் என்கிட்ட வரமாட்டான். என்னைச் சகிச்சுக்கிட்டது இவன் ஒருத்தன்தான், அதுவும் கிண்டல் பண்ணிக்கிட்டே.

அதனால திட்டம் இதுதான். இங்கேர்ந்து நானும் அங்கேர்ந்து அவனும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நெட்ல ஒண்ணா ஆடணும். எனக்கு சாயந்திரம் ஆறு மணி, அவனுக்கு மதியம். "ரெண்டு மணி நேரம்டா. அதை மட்டும் விட்றக்கூடாது, செத்தாலும்"னான். அப்பாகிட்ட காலேஜ் ப்ராஜெக்ட்டுக்குன்னு புளுகித்தான் அந்தக் கம்ப்யூட்டரையே வாங்கினேன். அவன் வேனுல ஏறி மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினப்ப எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. நான் முகத்தை உர்ருன்னு வச்சுக்கிட்டு எட்ட நின்னேன். அவனே கண்ணாடியை இறக்கி, "மெதுவா ஏத்து, ஆழம் தெரியாம காலை விடாத"ன்னு மட்டும் சொன்னான். அப்பவும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

மூணு மாசம் பழைய கேமையே ஆடிக்கிட்டிருந்தோம். அப்புறம் அவனுக்கு அங்க கூட்டாளிங்க கிடைச்சாங்க, பிரெஞ்சுப் பசங்க நாலு பேரு. அவங்க ஆடறது புது கேம். அஞ்சாவது ஆளா இவன், ஆறாவது ஆளா என்னையும் சேத்துவிட்டான். "என் ஊர்க்காரன், பிரமாதமா ஆடுவான்"னு சொல்லி வச்சிருந்தானாம். ஐயோ சாமி. என் சிஸ்டத்துல அந்த கேம் நகரவே நகராது. ஒருத்தன் கதவுக்கு வெளிய நிக்கறதைப் பாத்து நான் துப்பாக்கியைத் திருப்பறதுக்குள்ள அவன் உள்ள வந்து என்னைச் சுட்டுட்டு வெளியவும் போயிருப்பான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு நீங்க நெனைக்கலாம். நெனைச்சுக்கோங்க. பிரௌசிங் சென்டர்ல என்னை ஜெயிச்சவன் கிடையாது.

எனக்குப் பயம் வந்துருச்சு. நாலு வாரம் என்னைப் பொறுத்துப்பாங்க, அஞ்சாவது வாரம் அந்தப் பசங்க வேற ஆளைப் பாப்பாங்க. இவனாலயும் எத்தனை நாளைக்கு எனக்காகப் பேச முடியும்? கேம் போச்சுன்னா அவனும் போயிடுவான், அவ்வளவுதான். அதனால ஏத்தினேன். கம்ப்யூட்டருக்குள்ள தகவல் போற வழிக்கு பஸ்னு பேரு, ப்ராசஸர் வேகமெல்லாம் அந்த பஸ் வேகத்தோட ஒம்போது மடங்கு. இருநூறுல இருந்ததை இருநூத்தி அறுபத்தாறுன்னு மாத்தி சேவ் பண்ணேன். ரெண்டு புள்ளி நாலுன்னு எழுந்து வந்துச்சு. தனியா வீட்டுக்குள்ள குதிச்சேன்னா பாத்துக்கோங்க.

அந்த ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ராஜா மாதிரி ஆடினேன். பதினோராவது நிமிஷம் படம் அப்படியே நின்னுச்சு. ஹெட்போன்ல டர்ருன்னு ஒரே சத்தம். அப்புறம் நீல ஸ்க்ரீன். சனியனேன்னு சிபியூவை ஒரு குத்து குத்தினேன்.

ரெண்டே நிமிஷத்துல ஹால்ல லேண்ட்லைன் அடிச்சுது. அவன்தான். அங்க நெட் கனெக்‌ஷனோட வர்ற போன்ல இந்தியாவுக்குப் பேச காசு கிடையாதாம். "என்னடா, வெந்துட்டியா?"ன்னு சிரிச்சான். போன் வயர் நீளம்தான். ரிசீவரைத் தோள்ல இடுக்கிக்கிட்டு ரூமுக்கு வந்து அவன் சொல்லச் சொல்ல செட்டிங்ஸ்ல மாத்தினேன். வோல்டேஜைத் துளி ஏத்து. சேவ் பண்ணு. மறுபடி ஆன் பண்ணு. அந்த மிஷின் ஆன் ஆகி, விண்டோஸ் வந்து, கேம் திறக்கறதுக்கு ஆகற நேரம் இருக்கே, அதுல ரெண்டு பேரும் சும்மா பேசிக்கிட்டிருந்தோம்.

இதுவே வாராவாரம் நடந்துச்சு. ஆறேகால் இல்ல ஆறரைக்கு ஹேங் ஆகும். உடனே போன் அடிக்கும். ஞாயித்துக்கிழமை படத்தை டிவியில பாத்துக்கிட்டிருக்கற அம்மா சத்தத்தைக் கொறைச்சுட்டு, "கட்டிக்கிட்டவகூட இவ்ளோ பேசமாட்டான் போல"ன்னு முணுமுணுக்கும். அம்மா சொல்றதும் நியாயம்தான்.

அவன் முதல்ல வோல்டேஜைப் பத்தி ஆரம்பிப்பான். அப்புறம் குரல் மாறும். ஒரு குடோன்ல பெட்டி இறக்கற வேலை, குளிருல விரல் வெடிச்சு ரத்தம் வருது. தங்கியிருக்கற அத்தை வீட்டுல குளிக்கப் போனா கதவைத் தட்டிட்டே இருக்காங்க. பஸ்ல ஒரு நாள் காரணமே இல்லாம அழுகை வந்துருச்சு, பக்கத்துல உக்காந்திருந்த பிரெஞ்சுக்காரம்மா எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க. "நம்ம ஊரா இருந்தா என்னாப்பான்னு கேட்டிருப்பாங்கடா"ன்னான். நானும் சொன்னேன். மூணு பேப்பர் அரியர். அப்பா பேசறதில்ல. சாயந்திரம் பீச் வரைக்கும் தனியா நடந்துட்டுத் திரும்பி வர்றேன், அவ்வளவுதான் என் பொழுது. இதையெல்லாம் நான் பெத்தவங்ககிட்டகூட சொன்னதில்ல. "கேம் வந்துருச்சா?"ன்னு கேப்பான். வந்து ரெண்டு நிமிஷம் ஆகியிருந்தாலும், "இன்னும் இல்ல"ன்னு சொல்லியிருக்கேன்.

ஆனா சரி பண்ணணும்கற வெறி மட்டும் போகவே இல்ல. ஒவ்வொரு தடவை ஹேங் ஆகும்போதும் அந்த நாலு பசங்களும் அலுத்துக்கறது எனக்குத் தெரியும். அக்னி நட்சத்திரத்துல சிபியூ மூடியைக் கழட்டி டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி வச்சுட்டு நான் வேர்வையில ஊறினேன். ப்ராசஸர் மேல பேஸ்ட்டை வழிச்சுட்டுப் புதுசா தடவினேன். மெமரி கார்டைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேச்சேன். எட்டு மாசம் இந்தக் கூத்து. குத்தம் ப்ராசஸர்லதான்னு ரெண்டு பேருமே முடிவு பண்ணியிருந்தோம்.

குத்தம் அதுல இல்லவே இல்ல. ஒரு நாள் மதியம் நெட்ல எவனோ எழுதினதைப் படிக்கறப்பதான் உறைச்சுது. பஸ் வேகத்தை ஏத்தினா கூடவே மெமரியோட வேகமும் ஏறும். அதைத் தனியா இறக்கி வைக்கணும். நான் அதை 'ஆட்டோ'ன்னே விட்டிருந்தேன். ப்ராசஸர் பாட்டுக்கு நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தது, மெமரிதான் மூச்சு வாங்கிச் செத்திருக்கு. கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம். மெமரியை இறக்கினேன், பஸ்ஸை முன்னூறுக்கு ஏத்தினேன். ரெண்டு புள்ளி ஏழு. காலையில டெஸ்ட் போட்டுவிட்டுட்டு சாயந்திரம் வந்து பாத்தேன், அசையாம ஓடிக்கிட்டிருந்தது. உடனே அவன்கிட்ட சொல்லல. ஞாயித்துக்கிழமை ஆடிக் காட்டி அசத்தலாம்னு வச்சிருந்தேன்.

அசத்தினேன். ஆறு மணிக்கு உக்காந்தவன் எட்டு மணி வரைக்கும் ஒரு நொடி நிக்கல. பசங்க ஹெட்போன்ல கத்தறாங்க, "கோஷ்! கோஷ்!" இடது பக்கம்னு அர்த்தம், அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டிருந்தது. இடது பக்கம் திரும்பி ரெண்டு பேரை வீழ்த்தினேன். எவனோ "பிராவோ"ன்னான். நடுவுல என்னமோ சொல்லி எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, என் ஆளும் சேந்து சிரிச்சான். அவன் அந்த பாஷையில சிரிக்கறதை நான் அவ்ளோ நேரம் தொடர்ந்து கேட்டதே இல்ல. எட்டு மணிக்கு, "செமடா, ஒரு தடவைகூட ஹேங் ஆகல பாரு! சரி, வரேன்"னான். போயிட்டான்.

ஹால்ல வந்து போன் பக்கத்துல உக்காந்தேன். அம்மா, "என்னடா, இன்னைக்கு உன் ஆளு போனே பண்ணல?"ன்னுச்சு. "இன்னைக்கு ரிப்பேர் இல்லம்மா"ன்னேன்.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதுக்கடுத்த வாரமும். நானாவது வாயைத் திறந்து, கேம் முடிஞ்சப்புறம் கூப்புடுடான்னு கேட்டிருக்கலாம். எப்படிக் கேக்கறது? என்ன விஷயம்னு கேட்டா சொல்றதுக்கு விஷயமே கிடையாதே. ரெண்டு ஆம்பளைங்க சும்மா பேசறதுக்குன்னு போன் பண்றது எங்களுக்குத் தெரியாத பழக்கம். எங்களுக்கு ஒரு மிஷின் கெட்டுப்போயிருக்கணும்.

ஒரு நாள் மார்க்கெட்ல அவன் அம்மாவைப் பாத்தேன். கூடையைக் கீழ வச்சுட்டு நின்னு பேசினாங்க. "அத்தை வீட்டை விட்டுத் தனி ரூம் எடுத்துட்டான்பா. குடோனையும் விட்டுட்டான், ஒரு ஓட்டல்ல சேந்திருக்கான், மூணு வாரம் ஆவுது. சொல்லியிருப்பானே?"ன்னாங்க. "சொன்னான்மா"ன்னேன். வீடு வரைக்கும் நடந்து வந்தேன். வயித்தெரிச்சல்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் அவன்கூடத்தான் இருந்தேன், அவன் வீடு மாறினதுகூட எனக்குத் தெரியல.

அந்த ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு சிஸ்டத்தை ஆன் பண்ணி செட்டிங்ஸுக்குப் போனேன். மெமரியை மறுபடியும் 'ஆட்டோ'வுல விட்டேன். பஸ்ஸை இருநூத்தி அறுபத்தாறுக்கே இறக்கினேன், முன்ன எதுல ஹேங் ஆகுமோ சரியா அதுல. எட்டு மாசம் போராடி சரி பண்ணினதை அரை நிமிஷத்துல கெடுத்தேன். வெக்கமாத்தான் இருந்துச்சு.

ஆறேகாலுக்குப் படம் நின்னுச்சு. டர்ருன்னு சத்தம், நீல ஸ்க்ரீன். ஓடிப்போய் ஹால்ல உக்காந்தேன். ரெண்டு நிமிஷம் ஆச்சு. அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். அம்மா டிவி சத்தத்தைக் கொறைச்சு வச்சுட்டு என்னையே பாத்துச்சு. ரிசீவரை எடுத்து லைன் இருக்கான்னு பாத்துட்டு வச்சேன்.

ஏழு மணிக்கு அடிச்சுது. பாஞ்சு எடுத்தேன். அவனேதான். பின்னால ஆளுங்க பேசற சத்தம் கேட்டுச்சு, கூட்டாளிங்க அவன் ரூமுக்கே வந்திருந்தாங்க போல. "மறுபடியுமாடா?"ன்னான். கோவமெல்லாம் இல்ல, பாவப்படற குரல்தான். "அந்த மட்டமானதோட ஏன்டா இன்னும் மாரடிக்கற? அதுக்கு அவ்ளோதான் தெம்பு. நல்லதா ஒண்ணு வாங்கிடு. நான் இப்ப சம்பாதிக்கறேன்டா, பணம் அனுப்பறேன். இனிமே ஹேங்கே ஆகாது. உனக்கும் இந்த ரோதனை இல்ல, எனக்கும் நடுவுல எழுந்து போன் பண்ற வேலை இல்ல."

நீ கூப்புடணும்னுதான்டா கெடுத்தேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பின்னாலேர்ந்து எவனோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். இவன் அவன்கிட்ட பிரெஞ்சுல என்னமோ சொல்லிட்டு, "வச்சிரட்டுமா? எல்லாரும் காத்திருக்காங்க"ன்னான்.

"வைடா"ன்னேன்.