பல் பிடுங்க ஒரு மணி நேரம்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நிற்பதுதான் அந்த வேலை. ஷூவின் மேல்தோலில் ஓரத்தையல் போட எத்தனை விநாடி, மடித்து ஒட்ட எத்தனை விநாடி என்று பார்த்து எழுதுவேன். நான் எழுதுவதுதான் மறுநாளிலிருந்து டார்கெட். என்னைக் கண்டால் தையல் செக்‌ஷனில் பேச்சு நின்றுவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒடுகத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற தையல்கார அம்மா ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். சூப்பர்வைசர் அன்று லீவு. பர்மிஷன் சீட்டில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் என் கைக்கு வந்திருந்தது.

"முன்பல்லு ஒடைஞ்சி பேஜாரா கீது சார். புடுங்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அரை நாள் குடுங்க."

"பல்லு புடுங்க இன்னா, அஞ்சு நிமிஷம் ஆவுமா? போக வர சேத்தாலும் ஒரு மணி நேரமே ஜாஸ்தி" என்றேன்.

அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். சொன்ன நேரத்துக்குத் திரும்பியும் வந்தார். வாயில் பஞ்சு, உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. நேரே மெஷினில் உட்கார்ந்தார். ஆனால் கை ஓடவில்லை. ஒவ்வொரு தையல் முடிகிறபோதும் தலை குனியும், பாதியில் நிற்கும், பிறகு கை நூல் வெட்டுகிற டிரிம்மரைத் தேடும். பின்னால் நின்று பார்த்துவிட்டு 'வேகம் கம்மி' என்று என் தாளில் எழுதினேன்.

இந்த வருஷம் என் கடைவாய்ப் பல்லுக்கு முறை வந்தது. சத்துவாச்சாரியில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். எனக்கு மட்டும் முழு நாள் லீவு, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். தொழில் புத்தி போகுமா? நாற்காலியில் சாய்ந்ததும் வாட்சை அழுத்தினேன். ஊசி போட்டு மரத்துப்போகக் கொஞ்ச நேரம். பல் வெளியே வந்தது நான்கே நிமிஷத்தில். நான் சொன்ன கணக்கு சரிதான் என்று பஞ்சைக் கடித்துக்கொண்டே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். துப்பக் கூடாது, சூடாகக் குடிக்கக் கூடாது. மரமரப்பு விட்டதும் வலி தாடையிலிருந்து காது வரைக்கும் ஏறியது. நாக்கு சும்மா இருக்காமல் அந்தக் குழிக்கே போய்ப் போய் வந்தது. வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது, எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. "எதையும் கடிக்காதீங்க" என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. பாதியில் நின்ற அந்தத் தலை ஞாபகத்துக்கு வந்தது.

மெஷினில் டிரிம்மரைக் கயிறு போட்டுக் கட்டித்தான் வைத்திருக்கிறோம். அதை எடுத்து நூலை வெட்டி வைக்க மூன்று விநாடி. பல்லால் கடித்தால் ஒன்று. எங்கள் பெண்கள் எல்லோரும் கடிப்பார்கள், அதுவும் நைலான் நூலை. அவர் பல் உடைவதற்கு முன்னால், அந்த வேலைக்கு நேரம் குறித்த நாளில் அந்த அம்மா கடித்துக் காட்டினார், நான் ஒரு விநாடி என்று எழுதினேன். லைன் முழுக்க அதுதான் டார்கெட் ஆனது.

மறுநாள் வாட்சோடு அவரிடம் போனேன். "திரும்ப டைம் எடுக்கணும்மா. நூலை டிரிம்மர்லதான் வெட்டணும்" என்றேன். ஓரத்தையலை முடித்தார். பழக்கத்தில் குனிந்தார். முன்பல் இல்லாத இடத்தை விட்டு, பக்கத்துப் பல்லுக்கு நூலை நகர்த்தினார். "டிரிம்மரும்மா" என்றேன். இரண்டாம் தடவை டிரிம்மரால் வெட்டினார். மூன்று விநாடி. அவர் பார்க்கத் தாளில் எழுதினேன்.

எட்டிப் பார்த்தவர், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார், கோபமே இல்லாமல்.

"இந்த ரெண்டு செகண்டை அப்பவே குடுத்திருந்தா என் பல்லு இருந்திருக்கும் இல்ல சார்?"