அக்காவின் மூளையில் துரு என்று சொன்னேன்

அக்காவுக்கு ஸ்கிஸோஃப்ரினியா. இல்லாத குரல்கள் கேட்கும். மாத்திரை சாப்பிட்டால் அடங்கியிருக்கும். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை போனவன் நான் ஒருவன்தான். அதனால் அம்மாவின் கேள்விகளெல்லாம் என்னிடம்தான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு உற்சாகமாக விளக்கினேன். "கிருமியோட சண்டை போடுற எதிர்ப்புச் சக்தி, சிலருக்கு ஓயாம வேலை செய்யுதாம்மா. அதுல மூளைக்குள்ள துரு மாதிரி ஒண்ணு பிடிக்குது. ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு பேரு." நெல்லிக்காய்க்குத் துருவைத் தடுக்கும் குணம் உண்டு என்று வேறு சேர்த்துவிட்டேன். இதெல்லாம் இன்னும் உறுதியாகவில்லை என்ற வரியை மட்டும் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் காய்கறிக் கடையில் வேலை. மறுநாளே வீட்டில் நெல்லிக்காய்ச் சாறு. நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அக்கா சன்னலை மூடச் சொன்னாள். எதிர் அடுக்குமாடி பிளாக்கில் யாரோ தன்னைத் திட்டுகிறார்களாம். ஓடிப்போய் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். தீர்ந்திருக்க வேண்டியது, பாதி அப்படியே இருந்தது.

"என்னம்மா இது?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுக்குறேன். அதைச் சாப்பிட்டா நாள் பூரா தூங்குறா. துருவைத்தான் சாறு எடுத்துடுமே."

"யாரு சொன்னது?"

"நீதானேடா! படிச்ச புள்ள சொன்னா கேக்கணும்ல?"

உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். "போதும்லா! நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறதாவது நெசந்தானே?"

மறுநாள் காலையே கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். மருந்தை ஏன் குறைத்தீர்கள் என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. அம்மா மாத்திரை கொடுக்க மறந்துவிட்டார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் சொன்ன துருக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. சாறு குடிக்கட்டும், மாத்திரை தினமும் வேண்டும் என்றார். தூக்கம் அதிகமென்றால் தன்னிடம் சொல்லச் சொன்னார். பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நாளாகும் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

பஸ்ஸில் அம்மா கேட்டார்: "அவர்கிட்ட என்னடா சொன்னே?"

"நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்னு."

"அப்ப சரியானதைச் சொல்லு."

"சரியானது யாருக்கும் முழுசா தெரியலம்மா."

முன் சீட்டிலிருந்த அக்கா சட்டென்று திரும்பினாள். "யாராவது என்னைத் திட்டினாங்களா இப்ப?"

"இல்லக்கா."

என் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, அதே கேள்வியைக் கேட்டாள்.