பூட்டுக்குக் கீழே பித்தளைப் பொடி

நான் பூட்டு ரிப்பேர் செய்பவன். எதையும் பிரித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் பேய் என்று யாராவது வந்தால், முதலில் கதவுக் கீலுக்கு எண்ணெய் போடச் சொல்வேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். இது என் வீட்டு வாசலில் நடந்தது.

நாங்கள் புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டில், பூட்டுக்கு நேர் கீழே தினமும் காலையில் ஒரு சிட்டிகை பித்தளைப் பொடி கிடந்தது. பொருந்தாத சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் அப்படி உதிரும். எங்கள் மூன்று சாவிகளும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. பூட்டைக் கழற்றினேன், துடைத்தேன், மறுபடி மாட்டினேன். மறுநாளும் பொடி.

வாடகையையும் சொல்லிவிடுகிறேன். என் சம்பாத்தியம் முழுக்க அதற்கே போனது. ஊருக்குள் கட்டுப்படியாகவில்லை என்று புறநகருக்கு வந்தால், இங்கேயும் அதே கதை. அதனால் மனைவி மருந்துக் கடையில் மாலை வேலைக்குச் சேர்ந்தாள். நாங்கள் திரும்ப எட்டரை ஆகிவிடும். அதுவரை பதினோரு வயது மகள் வீட்டில் தனியாக இருப்பாள்.

ஒரு நாள் அவள் கேட்டாள்.

"ஏம்ப்பா, ஏழு பத்துக்கு வந்துட்டு உள்ள வராமயே போயிடுறீங்க?"

"நானா?"

"தினமும் சாவி போடுற சத்தம் கேக்குது. திறந்து பாத்தா யாரும் இல்ல."

மறுநாள் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, விளக்கை அணைத்துக் கதவருகே நின்றேன். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு பத்து.

கிர்க்... சாவி உள்ளே நுழைந்தது.

கதவிலிருந்த பார்வைத் துளை வழியே பார்த்தேன். படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் யாரும் இல்லை.

கிர்க்... கிர்க்...

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கதவு மழையில் ஊதிப்போனது. வெளியே நின்று கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் பூட்டு திரும்பும். அங்கே குடியிருப்பவருக்கு மட்டுமே தெரிந்த சூட்சுமம் அது.

கதவு வெளிப்பக்கமாக மெல்ல இழுபட்டது.

பிறகு சாவி திரும்ப முயன்றது.

முடியவில்லை.

மறுபடி...

மறுபடி...

பூட்டின் மேல் வைத்திருந்த என் விரல்களில் அந்த அதிர்வு ஏறியது. திருடன் கை அவசரப்படும். இது அவசரப்படவில்லை. நாள் முழுக்க உழைத்துக் களைத்த கை.

சட்டென்று நின்றது.

வெளியே, படியில் யாரோ உட்காரும் சத்தம்...

"வீடு மாறிடலாங்க," என்றாள் மனைவி அன்றிரவு.

"எந்த வீட்டுக்கு? போன தடவை எத்தனை தெரு சுத்துனோம், மறந்துட்டியா?"

இதைவிடக் குறைந்த வாடகையில் எங்களுக்கு வேறு வீடு கிடைக்கவே இல்லை.

காலையில் மாடி வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடி பேக்கரில ரொட்டி போடுறவர் இருந்தார் தம்பி. ஒண்டிக்கட்டை. ஓனர் திடீர்னு வாடகையை ஏத்தினார், இவரால முடியல. வேலைக்குப் போயிருந்த நேரம் பாத்துப் பூட்டை மாத்திட்டாங்க. மனுஷன் ஏழு மணிக்கு மேல வந்தார்... சாவியைப் போட்டுப் போட்டுப் பாத்தார். அப்புறம் படியில உக்காந்தார். விடிஞ்சு பாத்தா உயிர் இல்ல."

"அந்தச் சாவி?"

"கையிலயே இருந்துச்சு. விரலைப் பிரிக்க முடியல. அப்படியே கொண்டுபோயிட்டாங்க."

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்குக் கதவைத் திறந்துவிட, அந்த ரொட்டிக்காரர் அக்காவிடம் ஒரு மாற்றுச் சாவி கொடுத்து வைத்திருந்தார். அதை வாங்கி எங்கள் பூட்டில் போட்டேன். ஒரே கம்பெனிப் பூட்டு. உள்ளே போனது, திரும்பவில்லை. கீழே பித்தளைப் பொடி உதிர்ந்தது.

இந்த வகைப் பூட்டுக்குள் சின்னச் சின்ன பின்கள் வரிசையாக நிற்கும். சாவியின் பற்கள் அவற்றைத் தூக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பூட்டு திரும்பும். பின்களோடு இன்னொரு மெல்லிய துண்டையும் சேர்த்துவிட்டால், ஒரு மட்டத்துக்குப் பதில் இரண்டு மட்டம் கிடைக்கும். இரண்டு வேறு சாவிகளுக்கு ஒரே பூட்டு திறக்கும். ஆபீஸ்களுக்கு இப்படிப் பல பூட்டுகள் செய்து கொடுத்திருக்கிறேன். எங்கள் பூட்டையும் கழற்றி, அவருடைய சாவிக்கும் திறக்கும்படி அப்படியே செய்தேன்.

"அப்போ உள்ள விடப்போறீங்க?" என்றாள் மனைவி. "விடுங்க. வாடகைல பாதியையும் கேட்டு வாங்கிடுங்க."

சிரிக்கப் பார்த்தோம். வரவில்லை.

அன்று மூன்று பேரும் கூடத்தில் நின்றோம்.

ஏழு பத்து.

கிர்க்.

கதவு இழுபட்டது...

பூட்டு திரும்பியது.

கதவு திறந்தது. யாரும் இல்லை. தானாக மூடிக்கொண்டது.

சூடான ரொட்டி வாசனை எங்களைத் தாண்டி உள்ளறைக்குப் போனது...

போன வாரம் மகளிடம் கேட்டேன், "தனியா இருக்க பயமா இருக்காம்மா?"

"இப்பதான் நான் தனியா இல்லையேப்பா."

தினமும் உள்ளே வரும் சத்தம் கேட்கிறது. வெளியே போகும் சத்தத்தை ஒரு நாளும் கேட்டதில்லை.

நாங்கள் வீடு மாறவில்லை. பூட்டு இரண்டு சாவிகளுக்கும் திறக்கிறது. பொடி விழுவது நின்றுவிட்டது.