கோவண்டிக்குப் போன கத்தரிக்காய்

மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. மும்பை செம்பூரில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் எங்கள் வீடு. வடாலாவில் ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம்.

வீட்டில் காய்கறி வளர்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்திருந்தது. மண் என்று சொல்ல எங்களிடம் இருந்தது ஜன்னல் கிரில்லில் வைத்த பெயின்ட் வாளிகள்தான். முதலில் வெந்தயக்கீரை போட்டேன். வாளியின் அடியில் ஓட்டை போட வேண்டும் என்றுகூடத் தெரியாது. தண்ணீர் தேங்கி, நாலே நாளில் எல்லாம் அழுகி நாறியது. அடுத்து தக்காளி. அதைப் புறாக்கள் தின்று தீர்த்தன. என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் விடவில்லை. வலை கட்டி, மூன்று கத்தரி நாற்று வைத்தேன்.

கத்தரி பூத்தது, பிஞ்சும் விட்டது. தினமும் காலையில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். பத்துக் காய் தேறியிருந்த சமயம் பார்த்து, இலைக்கு அடியில் மாவு தூவினாற்போல வெள்ளைப் பூச்சி வந்து அப்பிக்கொண்டது. சமையலறையில் கரப்பான்பூச்சிக்கு வாங்கிய ஸ்பிரே இருந்தது. பூச்சிக்குப் பூச்சி மருந்துதானே என்று எடுத்து, செடி நனைய நனைய அடித்துவிட்டேன். மறுநாளே பூச்சியெல்லாம் செத்து உதிர்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

அதற்கு அடுத்த நாள் காய்களைப் பறித்தேன். வீட்டுக்கு இரண்டு வைத்துக்கொண்டு, மீதி எட்டையும் கழுவிப் பையில் போட்டுக்கொண்டேன். எல்லாம் ரயிலில் வரும் ஓர் அக்காவுக்காக. மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷன் பக்கம் துணிக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் அங்கேயே ஏறி, தன் பையை வைத்து எனக்கும் ஒரு சீட் பிடித்து வைப்பார். நான் வடாலாவில் ஏறுவேன். நான் செம்பூரில் இறங்க, அவர் அடுத்த ஸ்டேஷனான கோவண்டியில் இறங்குவார். நாலு வருடப் பழக்கம். அவருக்கும் என்னைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். ஏழு மாதக் கர்ப்பத்தோடு தாய் வீட்டுக்கு வந்திருந்த அவர் மகளுக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு மேல் ஆசையாம். பையைக் கொடுத்தபோது அக்கா ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்து என் பங்கு இரண்டையும் நறுக்க உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தவர், ஜன்னலோரம் இருந்த ஸ்பிரே டப்பாவைப் பார்த்து, இது ஏன் இங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் போனில் பெரிதாக்கி வாசித்தார். சாப்பிடும் பொருள் மேல் படக் கூடாது, விஷம் என்று போட்டிருந்தது. நறுக்கியதைக் குப்பையில் கொட்டச் சொன்னார்.

நம்முடையதைக் கொட்டிவிடலாம், அங்கே போன எட்டை என்ன செய்வது? அக்காவின் போன் நம்பர் என்னிடம் இல்லை. தினமும் பார்க்கிறோமே என்று இரண்டு பேருமே வாங்கிக்கொண்டதில்லை. வீடு எங்கே என்றும் தெரியாது. கழுவிச் சமைத்தால் ஒன்றும் ஆகாது, கோவண்டியில் போய் எங்கே தேடுவாய் என்றார் வீட்டுக்காரர். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பிளாட்பாரத்தில் நின்றபோது ஒரு கெட்ட யோசனையும் வந்தது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ரயில் வந்ததும் ஏறிவிட்டேன்.

அக்கா ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னது ஞாபகம் இருந்தது. மாவு மில்லுக்கு மேலே வீடு, நாள் முழுக்கத் தரை அதிருது என்று. எனக்கிருந்த ஒரே அடையாளம் அதுதான். ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோக்காரர்களிடம் மாவு மில் எங்கே என்று கேட்டேன். முதல் மில்லுக்கு மேலே மாடியே இல்லை. இரண்டாவதின் மாடியில் யாரோ பையன்கள் தங்கியிருந்தார்கள். கடைசியில் காய்கறி வண்டிக்காரி ஒருத்தி, பின்பக்கச் சந்தில் இன்னொரு மில் இருப்பதாகக் கைகாட்டினாள். சந்துக்குள் ஓடினேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரும்பு ஏணிப்படி. மேலேயிருந்து நல்லெண்ணெயில் கத்தரிக்காய் வதங்கிய வாசனை.

நான் போய் நின்றபோது மகள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் காயைச் சாப்பிடாதீங்க. கரப்பான்பூச்சி மருந்து அடிச்சிருக்கேன். தெரியாம செஞ்சிட்டேன்" என்றேன். மூச்சு வாங்கியது.

அக்கா மகள் முன்னாலிருந்த தட்டை இழுத்துக்கொண்டார். மகள் மெதுவாக, உப்புப் பார்க்க ஒரு காய் தின்றுவிட்டேன் என்றாள்.

மூவருமாகத் தெருமுனை டாக்டரம்மாவிடம் போனோம். வீட்டுக்காரரிடம் கேட்டு டப்பாவின் போட்டோவை வாங்கிக் காட்டினேன். நடந்ததை நானே சொன்னேன். டாக்டர் வாசித்துப் பார்த்தார், வயிற்றில் கருவி வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். ஒரு காய்தான் என்பதால் அநேகமாக ஒன்றும் ஆகாது, வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார். அந்தத் துடிப்புச் சத்தம் கேட்கும் வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

வெளியே வந்ததும் மகளிடம் என் போன் நம்பரைக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நீ தேடி வந்து சொன்னது சரி. ஆனா இனிமே உனக்கு நான் சீட்டு பிடிக்க மாட்டேன்."

மறுநாள் மதியம் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. நல்லா இருக்கேன் ஆன்ட்டி, பாப்பாவும் அசையுது என்று. கம்பெனி பாத்ரூமில் நின்று அழுதேன். அக்காவோ அன்று சாயங்காலத்திலிருந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

செடிகளைப் பிடுங்கினேன். மண்ணையும் கொட்டினேன். இத்தோடு போதும், மார்க்கெட்டில் கிடைக்காத கத்தரிக்காயா என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. தெரியாமல் செய்த தப்பைத் தெரிந்துகொண்டு சரியாகச் செய்யாவிட்டால், அந்த ஸ்பிரேதான் நான் கற்றுக்கொண்ட கடைசிப் பாடமாக நின்றுவிடும். புது மண் வாங்கிப் புதிதாக மூன்று நாற்று வைத்தேன். இந்த முறை பூச்சியைப் பற்றி முதலில் படித்தேன். தினமும் விடிந்ததும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலைக்கு அடியிலும் துடைப்பேன். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளிப்பேன். அப்படியும் ஒரு செடி போய்விட்டது. மீதி இரண்டும் காய்த்தன. நாங்களே சாப்பிட்டோம். யாருக்கும் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் வடாலாவில் ஏறினால், எங்கள் பழைய பெட்டியில் அக்கா. பக்கத்தில் போய் நின்றேன். பேத்தி பிறந்திருக்கிறாள், இரண்டு பேரும் நலம் என்றார். பிறகு கேட்டார்.

"இன்னும் கத்தரி போடுதியா?"

"போடுதேன்க்கா."

"மருந்து?"

"இல்லக்கா. கையாலதான் தொடைக்கேன்."

குர்லா தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பூரில் இறங்க நான் நகர்ந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காய்ச்சா எனக்கும் ரெண்டு கொண்டா. மொதல்ல நீ தின்னு. மறுநாள் எனக்குக் கொண்டா."

இன்றைக்கும் யாருக்குக் காய் கொடுத்தாலும் அதே செடியில் பறித்ததை முந்தின நாளே நான் சாப்பிட்டுவிடுவேன். என் கையிலிருந்து போவது இன்னொருவர் வயிற்றுக்குள் போகிறது என்ற அந்தப் பயம், நான் செடி வளர்க்கிற காலம் வரைக்கும் என்னை விட்டுப் போகக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.